ஒரு குமிழ், ஓர் அடி: பிளாஸ்டிக் கட்டையில் ஓர் ஓட்டலும் ஒரு தெருவும்

முன்னுரை



போன மாதம் நம் பள்ளியில் நடந்த கணிதக் கண்காட்சியில், ஜன்னல் ஓரத்துப் பெஞ்சில் நான் வைத்திருந்த ஓட்டலை நிறையப் பேர் பார்த்தீர்கள். பார்த்த எல்லாரும் மூன்றே மூன்று கேள்விதான் கேட்டீர்கள். எந்தப் பசை போட்டு ஒட்டினே? எப்படிக் கணக்குப் போட்டே? போர்டுல ஏன் பேரே இல்லை? கூட்டத்தில் நின்றுகொண்டு என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. கணக்கு டீச்சர், "அதையே சுவர் இதழுக்குக் கட்டுரையா எழுதிக் கொடு" என்றார்கள். அதனால் இந்தக் கட்டுரை.

முதல் கேள்விக்குப் பதில் உடனே சொல்லிவிடுகிறேன். பசையே போடவில்லை. ஒரு சொட்டுகூட இல்லை. மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கட்டை வந்த விதம்

என் அத்தை சென்னையில் ஒரு வீட்டில் வேலை பார்க்கிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் பெரியவர்கள் ஆனதும், அவர்கள் விளையாடிய பிளாஸ்டிக் கட்டைகளை ஒரு அரிசிப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அதைப் பார்த்துக் கட்டும் படப் புத்தகம் பையில் இல்லை. நானும் தம்பியும் பாயில் கொட்டி எண்ணினோம். 612 கட்டைகள், 5 பொம்மை மனிதர்கள், ஒரு பச்சை அடித்தட்டு. ஒரு பொம்மைக்கு முடி இல்லை. தம்பி அதை "மொட்டை" என்று கூப்பிடுவான்.

கட்டையின் வரலாறு

இந்த மாதிரிக் கட்டைகளில் உலகம் முழுவதும் பெயர் பெற்றது லெகோ. அது பிறந்தது டென்மார்க் நாட்டில் பில்லுண்ட் என்ற சிற்றூரில். அங்கே ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் இருந்தார். வீடு கட்டும் வேலை குறைந்துபோன காலத்தில், 1932இல் மரப் பொம்மை செய்ய ஆரம்பித்தார். டேனிஷ் மொழியில் 'லெக் கோட்' என்றால் 'நன்றாக விளையாடு' என்று பொருள். அதைச் சுருக்கித்தான் 'லெகோ' என்று பெயர் வைத்தார்.

1949இல் அவர்கள் பிளாஸ்டிக் கட்டை செய்தார்கள். அதற்கு முன்பே இங்கிலாந்தில் ஹிலாரி பிஷர் பேஜ் என்பவர் அதே மாதிரிக் கட்டை செய்திருந்தார். அதைப் பார்த்துத்தான் டென்மார்க்கில் தொடங்கினார்கள். ஆனால் அந்தக் கட்டைகளின் அடிப்பக்கம் வெறும் கூடு. அடுக்கினால் நிற்கும், தூக்கினால் கழன்றுவிடும். தச்சரின் மகன் கோட்ஃபிரட் காலத்தில் கட்டையின் உள்ளே குழாய்களை வைத்தார்கள். அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த நாள் 1958 ஜனவரி 28. 1963 முதல் ஏ.பி.எஸ். என்ற உறுதியான பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். கை கால் ஆடும் பொம்மை மனிதர்கள் வந்தது 1978இல்.

ஏன் கழன்று விழவில்லை?

கட்டையின் மேலே இருக்கும் உருண்டை மேடுகளை நான் குமிழ் என்று எழுதுகிறேன். ஒரு குமிழின் விட்டம் 4.8 மி.மீ. மேல் கட்டையை அழுத்தும்போது கீழ்க்கட்டையின் குமிழ், மேல் கட்டையின் சுவருக்கும் உள்குழாய்க்கும் நடுவே போய் மாட்டுகிறது. இடம் கொஞ்சம் இறுக்கமாக இருப்பதால் பிளாஸ்டிக் துளியூண்டு விரிந்து கொடுக்கிறது. திரும்பப் பழைய வடிவத்துக்கு வரப் பார்க்கும்போது குமிழைப் பிடித்துக்கொள்கிறது. நாம் அறிவியலில் படித்த மீள்தன்மையும் உராய்வும்தான் இது. சேலையைக் கொடியில் கிளிப் போட்டுக் காயப்போடுவதும் இதே முறைதான்.

மனப்பாடம் செய்ய வேண்டிய அளவுகள்

1. ஒரு குமிழுக்கான இடம்: 8 மி.மீ.
2. ஒரு கட்டையின் உயரம் (குமிழை விட்டுவிட்டு): 9.6 மி.மீ.
3. மெல்லிய பட்டையின் உயரம்: 3.2 மி.மீ. மூன்று பட்டை சேர்ந்தால் ஒரு கட்டை.
4. அடித்தட்டு: 32 குமிழ் நீளம், 32 குமிழ் அகலம். அதாவது 25.6 செ.மீ.க்கு 25.6 செ.மீ.
5. பொம்மை மனிதர் உயரம்: ஏறத்தாழ 4 செ.மீ.

நம்பாதவர்கள் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். பத்துக் குமிழ் சரியாக 8 செ.மீ. வரும்.

உங்களுக்குத் தெரியுமா?

எட்டுக் குமிழ் உள்ள (2க்கு 4) ஒரே நிறக் கட்டை இரண்டை 24 விதமாக இணைக்கலாம். மூன்று கட்டையை 1,060 விதமாக இணைக்கலாம். ஆறு கட்டை என்றால்? 91,51,03,765 விதம்! கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் சோரன் ஐலர்ஸ் இதைக் கணினி வைத்து எண்ணினார். ஆறே ஆறு கட்டைக்கு இவ்வளவு.

முதல் தடவை கட்டியது தப்பு

லெகோ நிறுவனம் 2007 முதல் ஒரு தெருவில் பக்கத்துப் பக்கத்தில் வைக்கிற மாதிரி கட்டடங்களை வெளியிட்டு வருகிறது. முதலில் வந்தது தெரு முனைக் காப்பிக் கடை, 2,056 துண்டுகள். 2014இல் வந்தது பாரிஸ் உணவகம், 2,469 துண்டுகள். அந்தப் பாரிஸ் உணவகத்தில் கீழே சாப்பிடும் கூடம், அதன் பின்னால் சமையலறை, மாடியில் வீடு, அதற்கும் மேலே ஓர் ஓவியர் தங்கும் அறை. வெளியே நடைபாதை, விளக்குக் கம்பம், ஒரு ஸ்கூட்டர். வெளிச்சுவரில் பூ வேலைப்பாடு போலத் தெரிவது என்ன தெரியுமா? வெள்ளை நிறத்தில் செய்த பிறைவடிவ ரொட்டித் துண்டுகள்! சாப்பாட்டுப் பொருளையே சுவர் அலங்காரமாக வைத்துவிட்டார்கள். இருக்கிற துண்டை வேறு ஒன்றாகப் பார்ப்பதுதான் இந்த விளையாட்டின் சூட்சுமம்.

அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்தது. ஆனால் பாரிஸை நான் பார்த்ததில்லை. பார்த்த ஓட்டல் எங்கள் அம்மா வேலை செய்யும் ஓட்டல்தான். டவுன் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிறது. அம்மா அங்கே சமையல்கட்டில் இருக்கிறார்கள். விடியற்காலை நாலு மணிக்குப் போனால் மதியம் மூன்று மணிக்குத்தான் வருவார்கள்.

அரையாண்டு லீவில் நாலே நாளில் கட்டி முடித்தேன். சிவப்புச் சுவர், மஞ்சள் தூண், ஆறு மேசை, கல்லா, கண்ணாடி அலமாரி. எல்லாக் கட்டையும் தீர்ந்துபோச்சு. அம்மா வேலை முடிந்து வந்து, கை கழுவிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். "நல்லா இருக்கு பாப்பா" என்றார்கள். அப்புறம், "நான் எங்கடி நிக்கிறேன்?" என்று கேட்டார்கள்.

நான் பார்த்தேன். சமையல்கட்டே இல்லை. ஆறு மேசை போட்ட எனக்கு அடுப்பு வைக்கத் தோன்றவில்லை. வாசலில் இருந்து பார்க்கிறவர் கண்ணுக்கு என்ன தெரியுமோ அதை மட்டும் கட்டியிருக்கிறேன். அன்று இரவே முழுவதையும் பிரித்துவிட்டேன். பிரிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அளவு எடுத்தது

கணக்கு டீச்சரிடம் சொன்னேன். "அளவு இல்லாமல் கட்டினால் அது பொம்மை. அளவோடு கட்டினால்தான் அது மாதிரி" என்றார்கள். முதலில் அளவுவிகிதம் கண்டுபிடிக்கச் சொன்னார்கள்.

அம்மா உயரம் 160 செ.மீ. பொம்மை உயரம் 4 செ.மீ. 160 வகுத்தல் 4 என்றால் 40. ஆக, அளவுவிகிதம் 1:40.

ஒரு குமிழ் 8 மி.மீ. அதை 40ஆல் பெருக்கினால் 320 மி.மீ., அதாவது 32 செ.மீ. ஓர் அடி என்பது 30.48 செ.மீ. பார்த்தீர்களா? ஒரு குமிழ் கிட்டத்தட்ட ஓர் அடி! இது தெரிந்த பிறகு எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி ஆகிவிட்டது.

பக்கத்து வீட்டுத் தையல் அக்காவிடம் டேப் வாங்கி அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டு போனார்கள். மதியம் பாத்திரம் எல்லாம் கழுவி முடித்த பிறகு, யாரும் இல்லாத நேரத்தில் அளந்து, பில் சீட்டுப் பின்னால் எழுதிக்கொண்டு வந்தார்கள். கடை அகலம் 15 அடி. சாப்பிடும் கூடம் 14 அடி ஆழம். சமையல்கட்டு 8 அடி ஆழம். கூரை 10 அடி உயரம். தோசைக்கல் 3 அடிக்கு 2 அடி. அடுப்பு மேடைக்கும் பின்சுவருக்கும் நடுவில் இரண்டரை அடி.

கடைசி வரியைப் படித்துவிட்டு, "இவ்வளவுதானாம்மா?" என்று கேட்டேன். "அதுலதான் நாலு பேரு நிக்கிறோம்" என்றார்கள்.

கணக்கு

அடியை 30.48ஆல் பெருக்கி, 32ஆல் வகுக்க வேண்டும்.

அகலம் 15 அடி: 14 குமிழ்.
கூடம் 14 அடி: 13 குமிழ்.
சமையல்கட்டு 8 அடி: 7.6 வருகிறது. அரைக் குமிழ் கிடையாது என்பதால் 7 வைத்தேன்.
முன்சுவர், நடுச்சுவர், பின்சுவர்: ஒவ்வொன்றும் 1 குமிழ்.
மொத்த ஆழம்: 13 + 7 + 3 = 23 குமிழ்.

அடித்தட்டு 32. முன்னால் நடைபாதைக்கும் சாக்கடைக்கும் 8 விட்டேன். பின்னால் 1 மீதி. அகலத்தில் 32இல் 14 போக 18 குமிழ் மீதி. அது பக்கத்துக் கடைகளுக்கு.

உயரம்: ஒரு கட்டை 9.6 மி.மீ., அதன் 40 மடங்கு 38.4 செ.மீ. பத்து அடி என்பது 305 செ.மீ. வகுத்தால் ஏறத்தாழ 8. ஆக, எட்டு வரிசை.

சுவர் எழுப்பியது

நாலு சுவரும் கட்டினால் உள்ளே ஒன்றும் தெரியாது. அதனால் இடப்பக்கச் சுவரைக் கட்டாமல் விட்டேன். கூரையும் போடவில்லை. முன்சுவர் 14, பின்சுவர் 14, வலச்சுவர் 21, நடுச்சுவர் 13. ஒரு வரிசைக்கு 62 குமிழ். எட்டு வரிசைக்கு 496. வாசலுக்கு 8 குமிழ் அகலம், 6 வரிசை உயரம்: 48 கழித்தல். சமையல்கட்டு வழிக்கு 3 குமிழ் அகலம், 6 வரிசை: 18 கழித்தல். மீதி 430.

ஒற்றை வரிசைக் கட்டைகள் என்னிடம் அவ்வளவு இல்லை. இரட்டை வரிசைக் கட்டைதான் அதிகம். அதை வைத்தால் சுவர் தடிமன் இரண்டு குமிழ் ஆகி, ஏற்கெனவே சின்னதாக இருக்கிற சமையல்கட்டு இன்னும் சின்னதாகிவிடும். யோசித்துப் பார்த்து, பின்சுவரின் அடி மூன்று வரிசைக்கு மட்டும் இரட்டைக் கட்டை வைத்து, தடிமனை வெளிப்பக்கம் தள்ளிவிட்டேன். பின்னால் மீதி இருந்த ஒரு குமிழ் அதற்குத்தான் உதவியது.

என் மாமா கொத்தனார். அவர் பார்த்துவிட்டு, "மூட்டு மேல மூட்டு வரக் கூடாது. செங்கல்லா இருந்தாலும் சரி, பிளாஸ்டிக்கா இருந்தாலும் சரி" என்று சொன்னார். மேல் வரிசைக் கட்டை, கீழே இரண்டு கட்டைகள் சேரும் இடத்தின் மேல் உட்கார வேண்டும். அப்போதுதான் பாரம் இரண்டு பக்கமும் பிரிந்து போகும். நான் ஒரு இடத்தில் மூட்டுக்கு நேராக மூட்டு வைத்திருந்தேன். விரலால் தள்ளிக் காட்டினார். சுவர் பிளந்துகொண்டது.

சமையல்கட்டு

தோசைக்கல்: 3க்கு 2 கருப்புப் பட்டை. கிரைண்டர்: ஓர் உருண்டைக் கட்டை. கேஸ் சிலிண்டர்: சிவப்பு உருண்டை இரண்டு. தண்ணீர் டிரம்: நீல உருண்டை. இட்லிக்கு ஒற்றைக் குமிழ் வெள்ளை வட்டங்களை வைத்தேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 மி.மீ. வட்டத்தை 40ஆல் பெருக்கினால் 32 செ.மீ. ஓர் அடி அகல இட்லி! சின்னப் பொருள்களுக்கு அளவுவிகிதம் பொருந்தாது என்று இதில் கற்றுக்கொண்டேன்.

பொம்மைகளை நிற்கவைத்தது அம்மாதான். இட்லி அண்டா பக்கம் ஒருவர், தோசைக்கல்லுக்கு ஒருவர், பாத்திரம் கழுவ ஒருவர். மொட்டையை எடுத்து அடுப்புக்கும் பின்சுவருக்கும் நடுவில் வைத்து, "இது நான்" என்றார்கள். இரண்டு குமிழ் இடைவெளியில் பொம்மை திரும்பினால் கை சுவரில் இடித்தது. இன்னொரு பொம்மை கடந்து போக இடமில்லை. "நிஜத்துலயும் அப்படித்தான். ஒருத்தி வந்தா இன்னொருத்தி ஒதுங்கணும். கொதிக்கிற சாம்பாரைத் தூக்கிட்டு ஒதுங்கணும்" என்றார்கள். அம்மா முழங்கையில் இருக்கும் தழும்பு எப்படி வந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

தெரு

ஓட்டல் தனியாக நின்றால் அது தீப்பெட்டி மாதிரி இருக்கும். தெரு வந்தால்தான் உயிர் வரும். பக்கத்தில் சைக்கிள் கடை, அதற்கடுத்துப் பெட்டிக்கடை வைத்தேன். முன்னால் சாக்கடைக்கு ஒரு குமிழ் அகலத்தில் வரிசையை விட்டு, மேலே சில இடத்தில் வழவழப்பான பட்டை போட்டு மூடினேன். சில இடத்தில் மூடவில்லை. நம்ம ஊரிலும் அப்படித்தானே. மீதி இருந்த இலைத் துண்டெல்லாம் வேப்பமரம். ஐந்தாவது பொம்மை பூக்கார அம்மா.

பெட்டிக்கடையின் பலகைக் கதவுதான் எனக்குப் பிடித்த இடம். பழைய கடைகளில் பலகைகளை ஒவ்வொன்றாக நிறுத்தி மூடுவார்கள் அல்லவா? அதற்குப் பட்டைகளைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்த வேண்டும். இதில் ஓர் அழகான கணக்கு இருக்கிறது.

5 பட்டை × 3.2 = 16 மி.மீ.; 2 குமிழ் × 8 = 16 மி.மீ.
5 கட்டை உயரம் × 9.6 = 48 மி.மீ.; 6 குமிழ் நீளம் × 8 = 48 மி.மீ.

ஆக, ஆறு குமிழ் நீளமுள்ள 10 பட்டைகளை நிறுத்தினால், 4 குமிழ் அகலமும் 5 கட்டை உயரமும் உள்ள வாசல் இடைவெளியே இல்லாமல் அடையும். முதல் பட்டையைப் பிடிக்க, பக்கத்தில் குமிழ் உள்ள கட்டை வேண்டும். என் பையில் அது நாலுதான் இருந்தது. கடைசிப் பட்டை குமிழ் இல்லாத வழவழப்புப் பட்டையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குமிழ் போய்ச் சுவரில் முட்டும். நான் இரண்டு தடவை முட்டிக்கொண்ட பிறகுதான் தெரிந்தது.

ஜன்னல்

எல்லாம் முடிந்ததும் பின்சுவரில் ஒரு மஞ்சள் ஜன்னல் வைத்தேன். 4 குமிழ் அகலம், 3 வரிசை உயரம். அம்மா பார்த்துவிட்டு, "இது எங்கேருந்து வந்துச்சு? அங்க ஜன்னல் கிடையாதே" என்றார்கள். புகை போக ஒரு ஃபேன் இருக்கிறதாம். ஆனால் அது ஓடி ரொம்ப நாளாச்சாம்.

நான் குழம்பிவிட்டேன். எடுத்தால் அம்மா புகையில் நிற்பார்கள். வைத்தால் கணக்குப் பொய். டீச்சரிடம் கேட்டேன். "மாதிரி என்றால் இருப்பதைக் காட்ட வேண்டும். இருக்க வேண்டியதைக் காட்ட ஆசைப்பட்டால், அதையும் காட்டு. ஆனால் எது எது என்று சொல்லிக் காட்டு" என்றார்கள்.

பசை போடாததன் பயன் இங்கேதான். நாலு குமிழ்க் கட்டை மூன்றை அடுக்கி ஓர் அடைப்பு செய்தேன். ஜன்னலும் அதே அளவு. ஒன்றைக் கழற்றி மற்றதை மாட்டலாம். அடைப்பின் மேல் 'இப்போது' என்றும், ஜன்னலின் மேல் 'இருந்தால்' என்றும் காகிதம் ஒட்டினேன். நிஜ அளவில் அந்த ஜன்னல் 128 செ.மீ. அகலம், 115 செ.மீ. உயரம். அவ்வளவுதான்.

முடிவுரை

இப்போது மூன்றாவது கேள்வி. போர்டில் ஏன் பேர் இல்லை? துண்டு பத்தவில்லை என்று அன்றைக்கு எல்லாரிடமும் சொன்னேன். அது பொய். மன்னித்துக்கொள்ளுங்கள். போர்டு கட்டும்போது அம்மா என் கையைப் பிடித்து, "பேரு மட்டும் வைக்காதே பாப்பா. நாளைக்கும் நான் அங்க வேலைக்குப் போகணும்" என்றார்கள். இந்தக் கட்டுரையிலும் அதனால்தான் பேர் இல்லை. அம்மாவிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் எழுதியிருக்கிறேன்.

கண்காட்சி அன்று ஆறாம் வகுப்புத் தம்பி ஒருவன் அடைப்பைக் கழற்றி ஜன்னலை மாட்டினான். "அக்கா, இப்படியே இருக்கட்டும்கா" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான். அடுத்து வந்தவர்களுக்குக் காட்ட நான் மறுபடியும் அடைப்பை மாட்டினேன். அன்றைக்கு எத்தனை தடவை மாற்றினேன் என்று எண்ணவில்லை.

நீங்கள் வீடோ, கடையோ, பள்ளியோ எது கட்டினாலும் முதலில் பின்பக்கத்தில் இருந்து தொடங்குங்கள். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு எத்தனை குமிழ் வேண்டும் என்று கேட்டுவிட்டு, மீதியில் மேசை போடுங்கள்.

செய்து பார்

1. நம் வகுப்பறை 20 அடி நீளம், 20 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். 1:40 அளவில் எத்தனை குமிழ்? ஓர் அடித்தட்டில் அடங்குமா?
2. கட்டை இல்லாதவர்கள் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு கட்டத்தை ஓர் அடியாக வைத்து உங்கள் வீட்டுச் சமையலறையை வரையுங்கள். அடுப்பு, தொட்டி, ஜன்னல், நிற்கும் இடம் நாலும் வர வேண்டும். அளவை நீங்களாகச் சொல்லாமல், அங்கே நிற்கிறவரிடம் கேட்டு எழுதுங்கள்.

(விடை 1: 19 குமிழுக்கு 19 குமிழ். அடங்கும்.)

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி